அமெரிக்காவில் முதல் அரசியல் கட்சிகள் தோன்றியது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் அதிபராகப் பதவியேற்றபோது அமெரிக்காவில் தேசிய அளவில் கட்சி என்று ஒன்றுமே இல்லை. 1801இல் தேர்தலில் தோற்ற ஃபெடரலிஸ்ட் கட்சி, வென்ற தாமஸ் ஜெஃபர்சனின் கட்சியிடம் ஆட்சியை ஒப்படைத்தது. கட்சிகள் வேண்டாம் என்று மனதார நம்பியவர்களே இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அவற்றைக் கட்டி எழுப்பினார்கள். கட்சி உருவானதைவிட, எதிர்க்கட்சி இருப்பது குற்றமல்ல என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டதுதான் கடினமானது என்பது இதை எழுதுபவரின் கருத்து. அந்த வரலாற்றைப் படிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் கட்சிகளுக்கு இடம் இருந்ததா?

இல்லை. 1787ஆம் ஆண்டு கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட அச்சட்டத்தில் கட்சிகளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. கட்சிகளே தோன்றாது என்ற எதிர்பார்ப்பில்தான் அது எழுதப்பட்டது என்பதை அதிபரைத் தேர்ந்தெடுக்க வகுத்த முறையிலிருந்தே அறியலாம். ஒவ்வொரு மாநிலத்தின் தேர்வாளர்களும் ஆளுக்கு இரண்டு பெயர்களை எழுதித் தர வேண்டும். பெரும்பான்மையோடு முதலிடம் பெறுபவர் அதிபர், அடுத்த இடம் பெறுபவர் துணை அதிபர். நாட்டின் மிகச் சிறந்த இருவரைப் பாரபட்சமின்றித் தேர்ந்தெடுக்க இது போதும் என்று கருதப்பட்டது. இரண்டு அணிகள் மோதினால் இந்த விதி என்ன பாடுபடும் என்பது 1796இலும் 1800இலும் தெரிந்தது. அதைப் பின்னர் காண்போம்.

கட்சிகளை அவர்கள் ஏன் அவ்வளவு வெறுத்தார்கள்?

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில அரசியல் சிந்தனையில் வளர்ந்த அவர்களுக்குக் கட்சி என்பது பொதுநலத்தை விற்றுத் தன்னலம் தேடும் கோஷ்டியாகவே தெரிந்தது. பழைய ரோமானியக் குடியரசு உட்பூசலால் அழிந்ததையும், இங்கிலாந்தில் விக், டோரி அணிகள் பதவிக்காக அடித்துக்கொண்டதையும் அவர்கள் கண்கூடான பாடமாகக் கொண்டிருந்தார்கள். மன்னர் இல்லாத நாட்டில் மக்களின் ஒற்றுமை குலைந்தால் பிடித்து நிறுத்த வேறு எதுவும் இல்லை என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது.

ஜேம்ஸ் மேடிசன் மட்டும் சற்று ஆழமாகச் சிந்தித்தார். புதிய சட்டத்தை ஆதரித்து அவரும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஜான் ஜேயும் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகளில் பத்தாவது, 1787 நவம்பரில் வெளிவந்தது. சுதந்திரம் உள்ள இடத்தில் கோஷ்டிகள் தோன்றியே தீரும் என்றும், சொத்து சமமின்றிப் பரவிக் கிடப்பதே அவற்றின் நிலையான காரணம் என்றும் அதில் அவர் வாதிட்டார். பரந்த நாட்டில் எண்ணற்ற நலன்கள் ஒன்றையொன்று தடுத்து நிற்பதால் எந்த ஒரு கோஷ்டியும் நிரந்தரப் பெரும்பான்மை பெற இயலாது என்பது அவர் கண்ட மருந்து. நாடு முழுவதும் பரவிய இரண்டே கட்சிகள், அவற்றுள் ஒன்றைத் தாமே தலைமை தாங்கி வளர்ப்பது என்ற நிலையை அன்று அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

1787-88இல் சட்டத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும்தான் பின்னர் இரு கட்சிகளாக மாறினார்களா?

பலரும் அப்படி நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. புதிய சட்டத்தை ஏற்கலாமா என்று மாநிலங்களில் நடந்த விவாதம் கடுமையானது. வர்ஜீனியாவில் 89-79, நியூயார்க்கில் 30-27 என்ற குறுகிய இடைவெளியில்தான் அது ஏற்கப்பட்டது. ஆதரித்தவர்களுக்கு ஃபெடரலிஸ்ட் என்ற பெயர் அப்போதே வழங்கியது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்து, உரிமைகள் பட்டியலும் சேர்க்கப்பட்ட பிறகு, எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1790களில் எழுந்த சண்டை, ஏற்றுக்கொண்ட சட்டத்துக்கு யார் சொல்லும் பொருள் சரி என்பதைப் பற்றியது.

ஆட்களும் இடம் மாறினார்கள். சட்டத்தை எழுதுவதிலும் ஆதரித்து வாதிடுவதிலும் முன்னணியில் நின்ற மேடிசன் எதிரணியின் தலைவரானார். வர்ஜீனியாவில் அச்சட்டத்தை முழங்கி எதிர்த்த பாட்ரிக் ஹென்றி தம் இறுதி ஆண்டில் ஃபெடரலிஸ்ட் பக்கம் நின்றார். பழைய எதிர்ப்பாளர்கள் பலர் ஜெஃபர்சனின் அணியில் சேர்ந்தது உண்மையே. எனினும் புதிய கட்சிகளின் விதை வேறு இடத்தில் விழுந்தது.

அப்படியானால் பிளவு எதில் தொடங்கியது?

கடனில் தொடங்கியது. விடுதலைப் போருக்காக வாங்கிய கடன் புதிய அரசின் தலைமேல் நின்றது. மத்திய அரசின் கடன் ஏறத்தாழ 5.4 கோடி டாலர். அதில் பிரான்சு, ஹாலந்து முதலிய வெளிநாடுகளுக்குத் தர வேண்டியது ஏறத்தாழ 1.2 கோடி. மாநிலங்களின் கடன் தனியே ஏறத்தாழ 2.5 கோடி. நிதித் துறைச் செயலர் ஹாமில்டன் 1790 ஜனவரியில் நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில் இரண்டு யோசனைகளை வைத்தார். பழைய கடன் பத்திரங்களை அவற்றில் குறித்த முழு மதிப்புக்கே அரசு ஏற்க வேண்டும். மாநிலங்களின் கடனையும் மத்திய அரசே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் யோசனையே நியாயம் பற்றிய கேள்வியை எழுப்பியது. போரில் சண்டையிட்ட வீரர்களுக்கும் தானியம் தந்த உழவர்களுக்கும் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டவை அந்தப் பத்திரங்கள். வறுமை தாங்காமல் அவர்கள் அவற்றை மதிப்பில் சிறு பங்குக்கு விற்றிருந்தார்கள். அறிக்கை வெளிவந்ததும், செய்தி இன்னும் எட்டாத தெற்கு மாநிலங்களுக்குச் சென்று எஞ்சிய பத்திரங்களையும் அடிமாட்டு விலைக்கு வாங்கத் துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல்கள் புறப்பட்டுவிட்டன என்று ஜார்ஜியாவின் உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் பிரதிநிதிகள் சபையில் கொதித்துப் பேசினார். பத்திரத்தை முதலில் பெற்றவருக்கும் இப்போது வைத்திருப்பவருக்கும் தொகையைப் பகிர்ந்து தரலாம் என்று அச்சபையின் உறுப்பினராக இருந்த மேடிசன் முன்மொழிந்தார். அத்தீர்மானம் 36-13 என்று தோற்றது. கைமாறிய பத்திரத்தில் பாகுபாடு காட்டினால் அரசின் கையெழுத்தை இனி எவரும் நம்பமாட்டார் என்ற ஹாமில்டனின் வாதம் வென்றது.

நிதி நிர்வாகம் என்ற முறையில் ஹாமில்டன் சொன்னதே சரி என்று இன்று பலரும் ஒப்புக்கொள்வார்கள். ஆயினும் இரத்தம் சிந்தியவன் வெறுங்கையோடு நிற்க, பத்திரம் வாங்கிப் பதுக்கியவன் பணக்காரனாவதைக் கண்டவர்களின் சினத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. எதிர்க்கட்சிக்கு வேகம் கொடுத்தது அந்தச் சினம்தான்.

தலைநகரத்தைப் பேரம் பேசி வாஷிங்டன் நகருக்குக் கொண்டுபோனார்கள் என்பது உண்மையா?

பேரம் நடந்தது என்பது உண்மை. மாநிலக் கடனை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 1790 ஏப்ரலில் 31-29 என்று தோற்றிருந்தது. வர்ஜீனியா தன் கடனில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்ட மாநிலம். மாசச்சூசெட்சின் கடனுக்குத் தாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று அதன் உறுப்பினர்கள் கேட்டார்கள். வெளியுறவுத் துறைச் செயலராகப் புதிதாக வந்திருந்த தாமஸ் ஜெஃபர்சன், அதிபர் மாளிகை வாசலில் ஹாமில்டன் வாடி வதங்கி நின்றதைக் கண்டதாகவும், ஜூன் மாதத்தில் அவரையும் மேடிசனையும் நியூயார்க் மெய்டன் லேனில் இருந்த தம் வீட்டுக்கு இரவு உணவுக்கு அழைத்ததாகவும் பின்னாளில் எழுதினார்.

அவர் சொல்வதன்படி, பொட்டோமாக் ஆற்றங்கரையை ஒட்டிய தொகுதிகளைச் சேர்ந்த ரிச்சர்ட் பிளாண்ட் லீ, அலெக்சாண்டர் வைட் இருவரும் தங்கள் வாக்கை மாற்றிக்கொள்ள இசைந்தார்கள். அதிலும் வைட் குமட்டலோடுதான் இசைந்தாராம். பதிலுக்குத் தலைநகரம் பத்தாண்டுகள் ஃபிலடெல்ஃபியாவில் இருந்துவிட்டுப் பிறகு பொட்டோமாக் கரைக்கு, இன்று வாஷிங்டன் நகர் இருக்கும் இடத்துக்கு, வரும் என்று முடிவாயிற்று. அந்த ஒரு விருந்துதான் அனைத்தையும் தீர்த்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் கருத்து வேறுபடுகிறார்கள். தாம் ஹாமில்டனிடம் ஏமாந்துபோனதாக ஜெஃபர்சன் பின்னர் வருந்தினார்.

தேசிய வங்கி ஏன் இவ்வளவு பெரிய சண்டையானது?

1791 பிப்ரவரியில் காங்கிரசு நிறைவேற்றிய வங்கி மசோதா ஒரு கோடி டாலர் மூலதனமும் இருபது ஆண்டு உரிமமும் கொண்ட வங்கியை உருவாக்கியது. அதில் ஐந்தில் ஒரு பங்கு அரசுடையது. பிரதிநிதிகள் சபையில் 39 பேர் ஆதரித்தார்கள், 20 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் தெற்கைச் சேர்ந்தவர்கள். வடக்கு, தெற்கு என்ற கோடு அன்றே தெளிவாக விழுந்துவிட்டது.

அரசியலமைப்புச் சட்டத்தில் வங்கி தொடங்கும் அதிகாரம் எங்கும் சொல்லப்படவில்லை. வாஷிங்டன் தம் அமைச்சர்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்டார். சட்டம் பெயர் சொல்லி வழங்காத அதிகாரம் எதுவும் மத்திய அரசுக்கு இல்லை, வசதி என்ற காரணத்துக்காக எல்லையைத் தாண்டினால் பிறகு எல்லையே இராது என்று ஜெஃபர்சன் எழுதினார். ஒரு நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால், அதை அடைய உதவும் வழிகளும், வெளிப்படையாகத் தடுக்கப்படாத வரையில், அந்த அதிகாரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன என்று ஹாமில்டன் நீண்ட பதில் எழுதினார். வாஷிங்டன் பிப்ரவரி 25 அன்று கையெழுத்திட்டார். ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்திருந்த இருவர் எழுதிய அந்த இரண்டு குறிப்புகளிலும் இரு கட்சிகளின் கொள்கையும் அடங்கிவிட்டன. மத்திய அரசின் அதிகாரம் பற்றி அமெரிக்காவில் இன்றும் நடக்கும் வழக்குகள் அவற்றிலிருந்து அதிக தூரம் விலகிவிடவில்லை.

பத்திரிகைகளுக்கு இதில் என்ன பங்கு?

பத்திரிகைகள் இல்லாவிட்டால் கட்சிகளே இல்லை எனலாம். அன்று கட்சிக்கு அலுவலகமோ, உறுப்பினர் சீட்டோ, நிதியோ கிடையாது. ஒரே கருத்துடைய மக்களைப் பல மாநிலங்களில் இணைத்தது அஞ்சலில் வந்த செய்தித்தாள். ஜான் ஃபென்னோ நடத்திய ஏடு ஹாமில்டனின் கொள்கைகளைப் பரப்பியது. அரசின் அச்சு வேலையும் ஹாமில்டனின் உதவியும் அதைத் தாங்கி நின்றன. அதற்கு மாற்றாக ஜெஃபர்சனும் மேடிசனும் கவிஞர் பிலிப் ஃப்ரெனோவை ஃபிலடெல்ஃபியாவுக்கு வரவழைத்தார்கள். அவர் 1791 அக்டோபர் இறுதியில் தம் ஏட்டைத் தொடங்கினார். வெளியுறவுத் துறையில் ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் மொழிபெயர்ப்பு எழுத்தர் வேலையையும் ஜெஃபர்சன் அவருக்குக் கொடுத்திருந்தார்.

அமைச்சர் ஒருவர் தரும் அரசுச் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு அதே அரசைத் தாக்குவதா என்று 1792இல் ஹாமில்டன் புனைபெயரில் எழுதினார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். மேடிசனோ ஃப்ரெனோவின் ஏட்டில் பெயரிடாத கட்டுரைகள் எழுதி, நாட்டில் இரண்டு கட்சிகள் இருப்பதை வெளிப்படையாகவே விளக்கத் தொடங்கியிருந்தார். மக்களால் ஆட்சி நடத்த முடியும் என்று நம்புவோர் ஒன்று, நம்பாதோர் மற்றொன்று என்பது அவர் செய்த பிரிவு. எதிரணியில் எவர்தான் இந்த விளக்கத்தை ஏற்பார்? இரு அமைச்சர்களுக்கும் 1792 ஆகஸ்டில் வாஷிங்டன் தனித்தனியே கடிதம் எழுதிச் சமாதானம் வேண்டினார். இருவரும் செப்டம்பர் 9 அன்றே, ஒரே நாளில், தம்மேல் தவறில்லை என்று பதில் எழுதினார்கள்.

உள்நாட்டுப் பணப் பிரச்சினையில் பிரெஞ்சுப் புரட்சி எப்படி வந்து சேர்ந்தது?

கடனும் வங்கியும் தலைவர்களைப் பிரித்தன. பிரான்சு பொதுமக்களைப் பிரித்தது. 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னர் கொல்லப்பட்டதும், அடுத்து பிரிட்டனுடன் போர் மூண்டதும் அமெரிக்கர் ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் சாயவைத்தன. ஹாமில்டன் பக்கம் நின்ற ஃபெடரலிஸ்டுகள் அங்கே சட்டம் ஒழுங்கின் சிதைவைக் கண்டார்கள். ஜெஃபர்சன், மேடிசன் பக்கம் நின்ற எதிரணியினர் தங்கள் புரட்சியின் தொடர்ச்சியைக் கண்டார்கள். வாஷிங்டன் ஏப்ரல் 22 அன்று நடுநிலை அறிவித்தார். பிரெஞ்சுத் தூதர் ஜெனே அதே மாதம் சார்ல்ஸ்டனில் இறங்கி, பிரிட்டிஷ் கப்பல்களைப் பிடிக்க அமெரிக்கத் துறைமுகங்களிலேயே தனியார் போர்க்கப்பல்களைத் தயார் செய்தார். இறுதியில் ஜெஃபர்சனே அவரைத் திருப்பி அழைக்கும்படி கேட்க வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டுகளில் ஊர் ஊராக மக்களாட்சிச் சங்கங்கள் முளைத்து, அரசின் செயல்களைக் கூடி விவாதித்தன. 1794இல் மேற்குப் பென்சில்வேனியாவில் விஸ்கி வரிக்கு எதிராகக் கலகம் எழுந்து, வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 படையினரை அனுப்பி அதை அடக்கிய பிறகு, தாமாகவே முளைத்த சங்கங்கள் அக்கலகத்தைத் தூண்டியதாக அவர் காங்கிரசில் கண்டித்தார். தேர்தலில் வென்றவர்களைத் தவிர வேறு எவரும் மக்களின் பெயரால் பேசலாமா என்பதே அங்கிருந்த உண்மையான கேள்வி. பேசலாம் என்று மேடிசன் சபையில் வாதாடினார்.

ஜே உடன்படிக்கை எந்த வகையில் முக்கியமானது?

இரு அணிகளும் முழுமையான கட்சிகளாக இறுகியது இதில்தான். பிரிட்டனுடன் போரைத் தவிர்க்க ஜான் ஜே 1794 நவம்பரில் லண்டனில் கையெழுத்திட்ட உடன்படிக்கை, மேற்கு எல்லைக் கோட்டைகளைப் பிரிட்டன் காலி செய்யும் என்று உறுதி பெற்றது. அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை பிடித்துச் செல்வதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிழக்கிந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்யலாம் என்று அதன் 13ஆம் பிரிவு அனுமதித்தது. சென்னைத் துறைமுகமும் அவற்றுள் அடங்கும்.

செனட் 1795 ஜூனில் 20-10 என்று, வேண்டிய மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குகூட மிகாமல், இதை ஏற்றது. விவரம் வெளியானதும் பல நகரங்களில் ஜேயின் கொடும்பாவி எரிக்கப்பட்டது. நியூயார்க்கில் உடன்படிக்கையை ஆதரித்துப் பேச எழுந்த ஹாமில்டன் மேல் கல் வீசினார்கள். உடன்படிக்கைக்கு வேண்டிய பணத்தை ஒதுக்க மறுத்து அதை முடக்கலாம் என்று மேடிசனின் அணியினர் தனியே கூடி முடிவெடுக்க முயன்றார்கள். காங்கிரசில் கட்சி உறுப்பினர்கள் தங்களுக்குள் கூடித் திட்டமிடும் வழக்கத்தின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று. 1796 ஏப்ரல் 30 அன்று பிரதிநிதிகள் சபை 51-48 என்று பணத்தை ஒதுக்கியது. அடுத்த தேர்தலில் வாக்காளர்கள் கேட்ட முதல் கேள்வி, இந்த வாக்கெடுப்பில் நீர் எந்தப் பக்கம் நின்றீர் என்பதே.

வாஷிங்டன் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்?

எந்தக் கட்சியிலும் தம்மை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. 1796 செப்டம்பர் 19 அன்று ஃபிலடெல்ஃபியா நாளிதழில் வெளிவந்த பிரியாவிடை உரையில், கட்சி உணர்வு பொது நிர்வாகத்தைக் குலைக்கும், பகையை மூட்டும், வெளிநாட்டுத் தலையீட்டுக்குக் கதவு திறக்கும் என்று எச்சரித்தார். அவர் அதை உளமார நம்பினார். ஆனால் அவ்வுரையின் வரைவைச் செப்பனிட்டுத் தந்தவர் ஹாமில்டன். முக்கியமான சர்ச்சைகள் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் வாஷிங்டன் எடுத்த முடிவு ஃபெடரலிஸ்டுகளின் பக்கமே இருந்தது. ஆட்சியில் இருப்பவர் தம்மைக் கட்சியாக உணர்வதில்லை, எதிர்ப்பவர்கள் மட்டுமே கட்சியாகத் தெரிகிறார்கள் என்பதற்கு வாஷிங்டனைவிட நேர்மையான எடுத்துக்காட்டு கிடைக்காது.

1796இல் அதிபரும் துணை அதிபரும் வெவ்வேறு கட்சியினராக வந்தது எப்படி?

தேர்வாளர்கள் இரு பெயர்களை வேறுபாடின்றி எழுதும் விதியால் வந்த வினை அது. ஃபெடரலிஸ்ட் வேட்பாளர் ஜான் ஆடம்சுக்கு 71 வாக்குகள், ஜெஃபர்சனுக்கு 68, ஆடம்சின் இணை வேட்பாளர் தாமஸ் பிங்க்னிக்கு 59. தெற்கில் பிங்க்னி ஆடம்சை மிஞ்சிவிடுவார் என்று அஞ்சிய நியூ இங்கிலாந்துத் தேர்வாளர்கள் பலர் பிங்க்னியின் பெயரை விட்டுவிட, எதிர்க்கட்சித் தலைவர் துணை அதிபரானார்.

அந்தத் தேர்தலில் கட்சி வேலை எப்படி நடந்தது என்பதைப் பென்சில்வேனியாவில் அருகிருந்து பார்க்கலாம். அங்கே வாக்காளர் பதினைந்து தேர்வாளர்களின் பெயர்களையும் கையால் எழுதிய சீட்டையே பெட்டியில் போட வேண்டும். அச்சடித்த சீட்டு செல்லாது. பதினைந்து பெயரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? பிரதிநிதிகள் சபையின் எழுத்தராக இருந்த ஜான் பெக்லி, ஜெஃபர்சன் ஆதரவாளர்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான சீட்டுகளைக் கையாலேயே எழுதவைத்து, ஊர்களுக்கு அனுப்பினார். பென்சில்வேனியாவின் பதினைந்து தேர்வாளர் வாக்குகளில் பதினான்கு ஜெஃபர்சனுக்கு விழுந்தன. கட்சி அமைப்பு என்பதன் முதல் வடிவம் இப்படிக் கைவலிக்க எழுதிய சீட்டுக் கட்டுகளில் இருந்தது.

எதிர்க்கட்சியைச் சட்டம் போட்டு ஒடுக்க முயன்றார்களா?

ஆம். பிரான்சுடன் போர் மூளும் சூழலில், 1798 ஜூன், ஜூலை மாதங்களில் ஃபெடரலிஸ்ட் பெரும்பான்மை நான்கு சட்டங்களை நிறைவேற்றியது. குடியுரிமை பெறக் காத்திருக்க வேண்டிய காலம் 5 ஆண்டுகளிலிருந்து 14 ஆண்டுகளாக உயர்ந்தது. புதிதாகக் குடியேறியவர்கள் பெரும்பாலும் எதிர்க்கட்சிக்கு வாக்களித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ராஜத்துரோகச் சட்டமோ அரசையும் காங்கிரசையும் அதிபரையும் பற்றிப் பொய்யாக அவதூறு எழுதினால் 2,000 டாலர் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதித்தது. துணை அதிபரின் பெயர் அந்தப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. துணை அதிபர் ஜெஃபர்சன். சட்டம் காலாவதியாகும் நாள் 1801 மார்ச் 3, அதாவது அந்த ஆட்சிக் காலத்தின் கடைசி நாள்.

வெர்மான்ட் உறுப்பினர் மேத்யூ லயன் அதிபர் ஆடம்சை விமர்சித்ததற்காக நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். சிறையில் இருந்தபடியே அவரைத் தொகுதி மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஜெஃபர்சனும் மேடிசனும் கென்டக்கி, வர்ஜீனியா சட்டமன்றங்களில் இச்சட்டங்களைக் கண்டிக்கும் தீர்மானங்களை மறைவில் இருந்து எழுதிக் கொடுத்தார்கள். மத்திய அரசின் சட்டத்தை மாநிலங்கள் செல்லாது எனலாம் என்று கென்டக்கித் தீர்மானத்தில் ஜெஃபர்சன் வைத்த வாதம் பிற்காலத்தில் அடிமை மாநிலங்களுக்கு ஆயுதமானது. பேச்சுரிமைக்காக அவர் போராடியதைப் போற்றுபவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1800ஆம் ஆண்டுத் தேர்தலில் என்ன நடந்தது?

விதிகளையே தங்களுக்குச் சாதகமாக வளைக்கும் கலையை இரு கட்சிகளும் அதற்குள் கற்றுவிட்டன. வர்ஜீனியா, ஜெஃபர்சனுக்கு எல்லா வாக்கும் கிடைக்கும்படி மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கியது. மாசச்சூசெட்ஸ் மக்களிடமிருந்து தேர்வை எடுத்துச் சட்டமன்றத்திடம் கொடுத்தது. 16 மாநிலங்களில் ஐந்தில் மட்டுமே மக்கள் நேரடியாகத் தேர்வாளர்களுக்கு வாக்களித்தார்கள். எனவே நியூயார்க் சட்டமன்றத்தை எந்தக் கட்சி பிடிக்கிறது என்பதே பெரிதாயிற்று. ஜெஃபர்சன் கட்சியின் ஏரன் பர், புகழ்பெற்ற வேட்பாளர்களை நிறுத்தி, நகரின் வார்டு வார்டாக ஆட்களை அமர்த்தி வென்றார். பழைய சட்டமன்றத்தையே கூட்டி விதியை மாற்றிவிடலாம் என்று ஹாமில்டன் ஆளுநர் ஜேக்குக் கடிதம் எழுதினார். கட்சிக்காக இப்படிச் செய்வது தமக்குத் தகாது என்று ஜே அக்கடிதத்தின் மேலேயே குறித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். ஃபெடரலிஸ்டான அவர் தம் கட்சியின் தோல்வியைத் தடுக்க மறுத்த அந்தக் குறிப்பு இவ்வரலாற்றில் மிக மதிப்புக்குரிய ஒன்று.

தேர்வாளர்கள் கட்சி சொன்னபடி ஒழுங்காக வாக்களித்ததால் ஜெஃபர்சனுக்கும் அவருடைய இணை வேட்பாளர் பருக்கும் தலா 73 வாக்குகள் கிடைத்தன, ஆடம்சுக்கு 65. அதிபர் யார் என்று பிரதிநிதிகள் சபை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில், முடிவு செய்ய வேண்டியதாயிற்று. 1801 பிப்ரவரி 11 அன்று தொடங்கிய வாக்கெடுப்பில் 35 சுற்றுகள் வரை ஜெஃபர்சனுக்கு எட்டு மாநிலங்கள், பருக்கு ஆறு. இரண்டு மாநிலங்களில் சரிபாதி. வேண்டியது ஒன்பது. மேரிலாந்து உறுப்பினர் ஜோசஃப் நிக்கல்சன் கடும் காய்ச்சலோடு பனியில் கட்டிலில் தூக்கிவரப்பட்டு, தம் வாக்கால் அம்மாநிலத்தைச் சமநிலையில் நிறுத்தினார். பென்சில்வேனியா, வர்ஜீனியா ஆளுநர்கள் மக்கள் படையைத் தயார்நிலையில் வைத்திருந்தார்கள். பர் மீது நம்பிக்கையற்ற ஹாமில்டன், ஜெஃபர்சனே மேல் என்று தம் கட்சியினருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். இறுதியில் டெலவேரின் ஒரே உறுப்பினரான ஜேம்ஸ் பேயார்ட் விலகி நிற்க, 17ஆம் தேதி 36ஆம் சுற்றில் ஜெஃபர்சன் பத்து மாநிலங்களோடு வென்றார்.

மார்ச் 4 அன்று விடியுமுன்பே ஆடம்ஸ் நகரை விட்டுப் புறப்பட்டார். பதவியேற்பு விழாவுக்கு நிற்கவில்லை. ஆனால் ஆட்சியை விட மறுக்கவும் இல்லை. அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனியே வாக்களிக்கும் 12ஆம் திருத்தம் 1804இல் நடைமுறைக்கு வந்தது. கட்சி என்ற சொல்லை எழுதாமலே கட்சிகளைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

கட்சிகளின் பிறப்பில் அடிமைமுறைக்குத் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு உண்டு. பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரைச் சேர்த்துக்கொள்ள அரசியலமைப்புச் சட்டம் இடமளித்தது; தேர்வாளர் எண்ணிக்கையும் அதைப் பொறுத்தது. வாக்குரிமையற்ற மனிதர்களின் தலைக்கணக்கு அவர்களின் எசமானர்களுக்குக் கூடுதல் அதிகாரமாக மாறியது. இந்தக் கூடுதல் இல்லாவிட்டால் 1800இல் ஆடம்ஸ் வென்றிருப்பார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணக்கு. மக்களாட்சியின் பெயரால் பேசிய கட்சியின் முதல் வெற்றியில் இது கலந்திருந்தது.

இன்றைய குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் அவைதானா?

அல்ல. ஜெஃபர்சனின் அணியினர் தங்களைக் குடியரசினர் என்றே அழைத்துக்கொண்டார்கள். ஜனநாயகக் குடியரசுக் கட்சி என்பது குழப்பம் நேராமலிருக்க வரலாற்று நூல்களில் நிலைத்த பெயர். இன்றைய குடியரசுக் கட்சி 1854இல் அடிமைமுறை பரவுவதை எதிர்த்துத் தோன்றியது. இன்றைய ஜனநாயகக் கட்சி 1820களின் இறுதியில் ஆண்ட்ரூ ஜாக்சனைச் சுற்றி உருவானது. ஜெஃபர்சன் மரபைத் தன் மரபாக உரிமை கொண்டாடியது.

ஃபெடரலிஸ்ட் கட்சி ஏன் மறைந்தது?

மக்களிடம் வாக்குக் கேட்டு இறங்கிப் போவதை அதன் மூத்த தலைவர்கள் இழிவாகக் கருதினார்கள். ஆடம்சும் ஹாமில்டனும் ஒருவரையொருவர் பகைத்ததால் கட்சி உள்ளேயே பிளந்திருந்தது. 1800 தேர்தலுக்குச் சற்று முன்பு ஆடம்சைத் தாக்கி ஹாமில்டன் எழுதிய நீண்ட கடிதம் அச்சில் வெளிவந்தது. 1804இல் ஹாமில்டன் பருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இறந்தார். அதே ஆண்டுத் தேர்தலில் ஜெஃபர்சன் 162 தேர்வாளர் வாக்குகளும் ஃபெடரலிஸ்ட் வேட்பாளர் 14 வாக்குகளும் பெற்றார்கள். 1812இல் பிரிட்டனுடன் மூண்ட போரை எதிர்த்து நியூ இங்கிலாந்துக்காரர்கள் 1814 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் கூடினார்கள். அவர்களின் தூதர்கள் கோரிக்கைகளோடு தலைநகரை அடைந்தபோது நியூ ஆர்லியன்சில் அமெரிக்கப் படை பெற்ற வெற்றியின் செய்தியும் சமாதானச் செய்தியும் வந்து சேர்ந்திருந்தன. தேசத்துரோகிகள் என்ற பழி கட்சியை முடித்துவிட்டது.

அதன் கொள்கைகள் முடிந்துவிடவில்லை. வங்கியை எதிர்த்துக் கட்சி தொடங்கிய மேடிசனே, அதிபராக இருந்து, 1816இல் இரண்டாவது தேசிய வங்கிக்கு ஒப்புதல் கையெழுத்திட்டார்.

கட்சிகள் இருப்பது நல்லது என்று முதலில் வெளிப்படையாக ஏற்றவர்கள் யார்?

ஜெஃபர்சன் அல்லர். நாம் அனைவரும் குடியரசினர், நாம் அனைவரும் ஃபெடரலிஸ்டுகள் என்று அவர் பதவியேற்பு உரையில் சொன்னது பெருந்தன்மை கலந்த சொல்தான். எனினும் எதிரணியின் தொண்டர்களைத் தம் பக்கம் இழுத்து, அக்கட்சியே இல்லாமல் செய்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. 1820இல் ஜேம்ஸ் மன்றோ ஒரே ஒரு தேர்வாளரின் எதிர் வாக்கோடு வென்றபோது அந்த நம்பிக்கை நிறைவேறியதாகவே தோன்றியது. நான்கே ஆண்டுகளில், 1824இல், ஒரே கட்சியைச் சேர்ந்த நால்வர் அதிபர் பதவிக்கு மோதி, எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் முடிவு மீண்டும் பிரதிநிதிகள் சபைக்குப் போயிற்று.

அந்தக் குழப்பத்தைக் கண்ட நியூயார்க் அரசியல்வாதி மார்ட்டின் வான் பியூரன் வேறு முடிவுக்கு வந்தார். கட்சி இல்லாத இடத்தில் தனிமனிதப் பகையும் வட்டாரப் பகையும் வந்து அமர்ந்துகொள்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. 1827 ஜனவரியில் வர்ஜீனியாவின் பத்திரிகை ஆசிரியர் தாமஸ் ரிச்சிக்கு எழுதிய கடிதத்தில், தெற்கின் தோட்ட முதலாளிகளையும் வடக்கின் எளிய குடியரசினரையும் மீண்டும் ஒரே கட்சியில் சேர்க்க வேண்டும், பழைய கட்சி வேறுபாடுகள் இருந்தவரை அடிமைமுறை பற்றிய வட்டாரச் சண்டை அடங்கி இருந்தது என்று அவர் வாதிட்டார். நிலையான அமைப்பும் ஒழுங்கும் கொண்ட கட்சியை வெட்கமின்றி விரும்பிய முதல் தலைமுறை அவருடையது. அவர்கள் கட்டிய ஜனநாயகக் கட்சி 1828இல் ஜாக்சனை அதிபராக்கியது. 1832இல் பால்டிமோரில் தன் முதல் தேசிய மாநாட்டைக் கூட்டி வேட்பாளர்களை முன்னிறுத்தியது.